மெக்கானிக்கல் மூணாம் வருஷம்: மே-ஜூன்ல கோர் கம்பெனியில இன்டர்ன்ஷிப் எப்படிப் பிடிக்கிறது?

திருச்செங்கோடு_மெக்

வணக்கம். திருச்செங்கோடு பக்கம் தனியார் காலேஜ், மெக்கானிக்கல், இப்ப ஆறாவது செமஸ்டர். சிஜிபிஏ 7.1, தெர்மல்ல ஒரு அரியர் நிக்குது. எங்க கேம்பஸுக்கு வர்றதுல முக்காவாசி ஐடி, மீதி கான்ட்ராக்ட் ரோல்ல ஆள் எடுக்கிறவங்க. எனக்கு கோர்லதான், அதாவது மெக்கானிக்கல் வேலைக்கே போகணும்.

மே கடைசியில பரீட்சை முடிஞ்சா ஆறு வாரம் லீவு இருக்கும். வேலைவாய்ப்புத் தளங்கள்ல 60 இடத்துக்கு மேல அப்ளை பண்ணியாச்சு, ஒரு பதிலும் இல்ல. வந்த ரெண்டு மெசேஜும் "ஆன்லைன் இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட்டோட 2,500 ரூபாய்" ரகம். பக்கத்துல ஒரு சென்டர்ல சாலிட்வொர்க்ஸ் (3டி டிசைன் மென்பொருள்) கோர்ஸ் 18,000 சொல்றாங்க, சேரலாமா? வீட்ல கேட் (எம்.டெக்., பொதுத்துறை வேலைக்கான தேர்வு) எழுது, இல்லன்னா ஐடிக்குப் போன்னு சொல்றாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கேஜ்_ரூம்

தம்பி, "கோர்"னு ஒரு வேலை கிடையாது. ஃபேக்டரிக்குள்ள புரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ், பிராசஸ், டிசைன், பர்ச்சேஸ்னு தனித்தனி மேசை இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு அதிக இடம் இருக்கிறது முதல் ரெண்டுலதான். டிசைன்ல சீட்டு கம்மி, மாடல் போடத் தெரிஞ்சவங்க கூட்டம் அதிகம். அதனால 18,000 ரூபாயை இப்பக் கட்டாதீங்க. முதல்ல எந்த மேசைன்னு முடிவு பண்ணுங்க. குவாலிட்டின்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். அங்க ஆறு வாரத்துலயே கையில காட்டுற மாதிரி ஒரு வேலை முடிக்கலாம்.

60 அப்ளிகேஷனுக்குப் பதில் வராததுக்குக் காரணம் உங்க மார்க் இல்ல. பெரிய கார் கம்பெனிகள் இன்டர்னை எடுக்கிறது பெரும்பாலும் காலேஜ் ஒப்பந்தம் வழியாவும் உள்ள இருக்கிறவங்க சிபாரிசு வழியாவும்தான். அவங்களுக்கு பார்ட்ஸ் பண்ணிக் கொடுக்கிற சப்ளையர்கள் தளத்துல விளம்பரமே போடுறதில்ல. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது அடுக்கு சப்ளையர், அதாவது 50-லிருந்து 200 பேர் வரைக்கும் வேலை செய்யுற மெஷின் ஷாப். அந்த அளவுல மைக்ரோமீட்டர், பிளக் கேஜ், கன்ட்ரோல் பிளான், கஸ்டமர் ஆடிட் எல்லாம் இருக்கும். அதே சமயம் இன்டர்னை டிரெய்னிங் ஹால்ல உட்கார வெச்சு பிபிடி காட்டுற அளவுக்குப் பெருசாவும் இருக்காது. எட்டு பேர் பட்டறைல தொழில் கத்துக்கலாம், ஆனா டாக்குமென்ட்டுன்னு ஒண்ணும் பார்க்க முடியாது.

தேடுறதுக்கு: ஓசூர், கோயம்புத்தூர், அம்பத்தூர் மூணு ஊர்லயும் தொழிற்பேட்டைச் சங்கம் இருக்கு (ஹோஸ்டியா, கொடிசியா, ஐமா). உறுப்பினர் பட்டியலைப் பாத்து மெஷினிங், ஃபோர்ஜிங், ஷீட் மெட்டல் பண்ற 30 பேரைப் பிரிச்சு எடுங்க. ஒவ்வொரு கம்பெனி தளத்துலயும் ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் இருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஆட்டோமொபைல் தரமுறை உள்ள ஓடுதுன்னு அர்த்தம், உங்களுக்குக் கத்துக்க விஷயம் இருக்கும். 30-ல 8 பேர் போனை எடுத்துப் பேசுவாங்க, 2 பேர் வரச் சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்து ஆரம்பிங்க.

கூப்பிட வேண்டியது எச்ஆரை இல்ல, குவாலிட்டி ஹெட்டையோ பிளான்ட் ஹெட்டையோ. திங்கள் காலைல கூப்பிடாதீங்க. மாசக் கடைசி நாலு நாளும் வேண்டாம், டிஸ்பாட்ச் நெருக்கடியில யாரும் காது கொடுக்க மாட்டாங்க. மே மாசத்துக்கு இப்பவே, பிப்ரவரி-மார்ச்லயே ஆரம்பிக்கணும். ஏப்ரல் கடைசில கேட்டா "அடுத்த வருஷம் வாங்க"ம்பாங்க.

போன்ல பேசினதும் அனுப்புற மெசேஜ் இந்த அளவு இருந்தாப் போதும்:

"வணக்கம் சார். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஜூன் 1 முதல் ஜூலை 11 வரை ஆறு வாரம் உங்கள் குவாலிட்டி பிரிவில் பயிற்சி பெற விரும்புகிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் பயன்படுத்தத் தெரியும். டிராயிங் படிப்பேன். ஏதாவது ஒரு பார்ட்டுக்கு அளவு டேட்டா எடுத்து பிராசஸ் கேப்பபிலிட்டி ரிப்போர்ட் தயாரித்துத் தருகிறேன். உதவித்தொகை எதிர்பார்க்கவில்லை, கேன்டீன் சாப்பாடு போதும். காலேஜ் கடிதமும் விபத்துக் காப்பீடும் கொண்டு வருவேன்."

இதுல கடைசி மூணு வரிதான் வேலை செய்யும். இன்டர்ன்னா அவங்க பயப்படுறது மூணுக்குத்தான்: யாராவது கூடவே இருந்து பார்த்துக்கணும், அடிபட்டா யார் பொறுப்பு, போகும்போது ஒண்ணும் கொடுக்காமப் போவாங்க. மூணுக்கும் பதில் அதுலயே இருக்கு.

இப்ப அந்த ரிப்போர்ட் என்னன்னு ஒரு உதாரணத்தோட பாத்துடுங்க. 20 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் (அனுமதிச்ச ஏற்ற இறக்கம்) ±0.05. ஒரே மெஷின்லருந்து வரிசையா 50 பீஸ் அளக்கிறீங்க. சராசரி 20.02, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியிலருந்து சிதறல்) 0.01 வருதுன்னு வைங்க. சிபி (அந்தச் சிதறல் டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு தாராளமா அடங்குதுங்கிற அளவு) = 0.10 ÷ (6 × 0.01) = 1.67. கேக்க நல்லா இருக்கு. ஆனா சராசரி நடுவுல இல்ல, மேல் எல்லைப் பக்கம் சாஞ்சிருக்கு. சிபிகே (சராசரி தள்ளி இருக்கிறதையும் சேர்த்துப் பாக்கிற அளவு) = (20.05 − 20.02) ÷ (3 × 0.01) = 1.00. பொதுவா கஸ்டமர் கேக்குறது 1.33-க்குக் குறையக் கூடாதுன்னு. மெஷின் நல்ல மெஷின், செட்டிங்தான் தள்ளி இருக்கு. சிஎன்சி லேத்ல விட்டத்துக்கு 0.02 ஆஃப்செட் குறைச்சா சிபிகேவும் 1.67 ஆயிடும். ஒரு ரூபா செலவில்ல. இந்த ஒரு பத்தியை டேட்டாவோட விளக்கத் தெரிஞ்சவனை இன்டர்வியூவில தூக்கிப் போட மாட்டாங்க.

இதுல எங்க தப்பு நடக்கும்னும் சொல்லிடறேன். ஒண்ணு, ரிஜெக்ட் பொறுக்கி எடுத்த பிறகு டிரேல இருக்கிற பீஸை அளந்தா டீவியேஷன் பொய்யாக் குறைஞ்சு வரும். மெஷின்லருந்து விழுற வரிசையிலேயே எடுக்கணும். ரெண்டு மெஷின் பீஸைக் கலந்துட்டா ஹிஸ்டோகிராம்ல ரெண்டு மலை நிக்கும், அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. நடுவுல இன்சர்ட் (வெட்டுற முனை) மாத்தினா எந்த பீஸ்ல மாத்தினாங்கன்னு குறிச்சு வைங்க. எல்லாத்துக்கும் மேல, அளக்கிற கருவி. மொத்த டாலரன்ஸ் 0.10, பத்துல ஒரு பங்கு விதிப்படி லீஸ்ட் கவுன்ட் (கருவி காட்டுற மிகச் சின்ன அளவு) 0.01 ஆவது இருக்கணும். 0.02 வெர்னியரைத் தூக்கிட்டுப் போய் அளந்தா அது ஷாஃப்டோட மாறுபாடு இல்ல, வெர்னியரோட மாறுபாடு.

முடிஞ்சா, அளக்கிறதை எவ்வளவு நம்பலாம்னு சோதிக்கிற ஒரு கேஜ் ஆர்&ஆர் பண்ணுங்க: 10 பீஸ், 3 ஆள், தலா 2 இல்ல 3 தடவை. 10 சதத்துக்குக் கீழ வந்தா நல்லது, 30-ஐத் தாண்டினா அந்தக் கருவியோ அளக்கிற முறையோ சரியில்ல.

உள்ள போறப்ப சேஃப்டி ஷூ வாங்கிட்டுப் போங்க. தொளதொள சட்டை, ஐடி கார்டு கயிறு கூடாது. சுத்துற லேத், டிரில் பக்கத்துல கையுறையும் போடக் கூடாது, சுருட்டி இழுத்துடும். டிராயிங்கை போட்டோ எடுக்காதீங்க, அது கஸ்டமர் சொத்து. ரெஸ்யூமேல பார்ட் நம்பரும் போடாதீங்க.

---

ரிக்_ஷெட்

கேஜ்_ரூம் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா திருச்செங்கோட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஓசூருக்கு ரூம் எடுக்கணுமா? நாடு முழுக்க ஓடுற போர்வெல் வண்டிகளுக்குப் பேர் போன ஊரே அதுதானே. வண்டிச் சேசிஸ்ல மாஸ்ட் (துளை போடுற கோபுரம்) ஏத்தி, கம்ப்ரசர், ஹைட்ராலிக் பம்ப், வின்ச், சுத்துற ஹெட் எல்லாம் பொருத்துற ஷெட்டும் சர்வீஸ் ஷெட்டும் கூப்பிடு தூரத்துல இருக்கு. கொஞ்சம் தள்ளினா நாமக்கல்ல லாரி பாடி, கரூர்ல பஸ் பாடி.

இங்க கத்துக்கிறது ஹைட்ராலிக்ஸும் ஃபேப்ரிகேஷனும். பம்ப்லருந்து டைரக்‌ஷன் வால்வு, ரிலீஃப் வால்வு, சிலிண்டர் வரைக்கும் எண்ணெய் எப்படிப் போகுது, மாஸ்ட் தூக்கும்போது நடுங்கினா காற்று புகுந்ததா, கவுன்டர்பேலன்ஸ் வால்வு செட்டிங்கா, சீல் போச்சான்னு பிரிச்சுப் பாக்கிற புத்தி இதுலதான் வரும். எர்த்மூவர், கிரேன், கம்ப்ரசர் கம்பெனிகளோட சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு நேரா இது ஒட்டும்.

குறை என்னன்னா இங்க காகிதமே கிடையாது. மேஸ்திரி மனசுலதான் எல்லாம் இருக்கும். அதையே உங்க ப்ராஜெக்டா ஆக்குங்க. ஒரு வண்டியோட ஹைட்ராலிக் சர்க்யூட்டை ஐஎஸ்ஓ 1219 குறியீட்டுல வரைஞ்சு, ஹோஸ் பட்டியல் (எங்கிருந்து எங்க, நீளம், உள்விட்டம், ஃபிட்டிங் வகை, பிரஷர்) போட்டுக் கொடுங்க. ஷெட் ஓனருக்கு அடுத்த வண்டிக்கு ஹோஸ் ஆர்டர் பண்ண அது உதவும், உங்களுக்கு இன்டர்வியூவில விரிச்சு வைக்க ஒரு ஷீட் ஆச்சு. ஹோஸ் கழட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினை நிறுத்தி, பிரஷரை முழுசா இறக்கிட்டாங்களான்னு மேஸ்திரிகிட்ட கேட்டுட்டுக் கை வைங்க. லீக் எங்கன்னு விரலால தடவிப் பாக்கவே கூடாது, அட்டையை நீட்டிப் பாக்கணும். நூல் மாதிரி பீச்சுற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய பாத்தா எறும்புக் கடி மாதிரி இருக்கும்.

---

பிளேஸ்மென்ட்_மேசை

மேலே இரண்டு பேரும் வேலைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். காகிதப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் அரியர். பெரும்பாலான நிறுவனங்களின் வடிகட்டியில் இரண்டு கேள்விகள் உண்டு: பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 சதம் இருக்கிறதா, நிலுவையில் அரியர் உண்டா. ஒரு அரியரை இன்டர்வியூ வரை பொறுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு, தாள் சுற்றிலேயே நிறுத்திவிடும் நிறுவனங்களும் உண்டு. ஏழாவது செமஸ்டர் தொடக்கத்தில் கேம்பஸ் ஆரம்பிக்கும். எனவே இந்த ஏப்ரல்-மே பரீட்சைதான் உங்களுக்கு உண்மையான கடைசி வாய்ப்பு. இன்டர்ன்ஷிப்பைவிட இதுவே முதல் வேலை.

இன்டர்ன்ஷிப்புக்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் ரெகுலேஷனில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் இருக்கிறதா, எத்தனை வாரத்துக்கு எத்தனை என்று அந்தப் புத்தகத்திலேயே பாருங்கள். முடிந்த பிறகு வெறும் சர்டிபிகேட் கொண்டுபோனால் கிரெடிட் ஏறாது. சேர்ந்த தேதி, முடிந்த தேதி, வருகைப் பதிவு, வழிகாட்டியின் கையெழுத்து, அறிக்கை எல்லாம் கேட்பார்கள். கல்லூரிக் கடிதத்தில் மாணவருக்கு விபத்துக் காப்பீடு உண்டு என்ற வரி இருக்கட்டும். பாலிசி எண்ணைக் கையில் வைத்திருங்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியே கேட்கும் இடங்கள் உண்டு.

2,500 ரூபாய் ஆன்லைன் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். நேர்முகத்தில் "அங்கே யார் உங்களுக்கு கைடு, என்ன பார்ட், என்ன மெஷின்" என்று மூன்று கேள்வி கேட்டால் அது உதிர்ந்துவிடும். பணம் கேட்பவர் எல்லாரும் மோசடி என்றும் சொல்ல மாட்டேன். சில பொதுத்துறை ஆலைகள் இன்பிளான்ட் பயிற்சிக்கு முறையாக ரசீதுடன் கட்டணம் வாங்குகின்றன. வித்தியாசம் ரசீதிலும், உள்ளே மெஷின் இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது.

நான் முதல்வன் (2022 மார்ச் 1-இல் தொடங்கிய மாநிலத் திட்டம்) வழியாக உங்கள் கல்லூரியில் ஏதாவது கோர்ஸ் செமஸ்டரோடு சேர்ந்தே வந்திருக்கும். மாணவர்கள் அதை வருகைப் பதிவுக்காக முடித்துவிட்டு ரெஸ்யூமேயில் பெயரை மட்டும் போடுகிறார்கள். அந்தக் கோர்ஸில் செய்த ஒரு பயிற்சியையாவது ஒரு வரியில் எழுதுங்கள்.

பட்டம் முடித்த பிறகு வேலை கிடைக்கத் தாமதமானால் நாட்ஸ் என்கிற தேசியத் தொழிற்பழகுநர் திட்டம் நல்ல பாலம். தெற்கு மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருடப் பயிற்சி. 2019-இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாயாக இருந்தது, அந்தக் குறைந்தபட்சத்தில் பாதி மத்திய அரசின் பங்கு. சேரும்போது அன்றைய தொகையை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நெய்வேலி என்எல்சி, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் போன்ற இடங்கள் இதன் வழியாகப் பட்டதாரிப் பழகுநர்களை எடுக்கின்றன. இவற்றில் தேர்வு பெரும்பாலும் பட்ட மதிப்பெண் வரிசைப்படிதான், ஆகவே 7.1 என்பதை 7.5 ஆக்குவது வீண் உழைப்பு அல்ல. இரண்டு எச்சரிக்கை: ஒருமுறை பழகுநர் பயிற்சி முடித்தவர் மறுபடி சேர முடியாது, அதனால் முதலில் கிடைத்த சின்ன இடத்தில் அந்த வாய்ப்பைக் கரைக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் நிறைய மாணவர்கள் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் திறந்த முதல் சுற்று 21 முதல் 24 வயது வரை இருப்பவர்களுக்கு, முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்கு இல்லை. அதாவது உங்கள் மே-ஜூன் விடுமுறைக்கு அது விடையல்ல.

---

திருச்செங்கோடு_மெக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அரியர் முதல்லன்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு கேள்வி இருக்கு.

ஒண்ணு, இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் ரெஸ்யூமேல அதை எப்படி எழுதுறது? இப்ப என் ரெஸ்யூமே ரெண்டு பக்கம், இணையத்துல கிடைச்ச டிசைன் டெம்ப்ளேட், இடது பக்கம் கலர் பட்டை.

ரெண்டாவது, சீனியர்களுக்கு வந்திருக்கிற ஒரு ஆஃபர்: சிடிசி (ஒரு ஆளுக்கு கம்பெனி வருஷத்துக்குச் செலவழிக்கிற மொத்தத் தொகை) 3.6 லட்சம், ரெண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வெச்சுக்குவாங்களாம். அடுத்த வருஷம் எங்களுக்கும் இதுதான் வரும்போல. இதை எப்படிப் படிக்கிறது?

---

கேஜ்_ரூம்

ரெஸ்யூமேவுக்கு நான் சொல்றேன், ஆஃபரை வேற யாராவது பிரிச்சுச் சொல்லுங்க.

கலர் பட்டையைத் தூக்குங்க. ரெண்டு பத்தி வடிவத்தை வடிகட்டுற மென்பொருள் இடது வரியையும் வலது வரியையும் ஒட்டிப் படிச்சிடும். உங்க போன் நம்பர் நடுவுல "தெர்மோடைனமிக்ஸ்"னு வந்து நிக்கும். டெஸ்ட் பண்றது சுலபம்: பிடிஎஃப்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. வரிசை சரியா வந்தா மென்பொருளும் சரியாப் படிக்கும். ஒரே பக்கம் போதும். அப்பா பேர், பிறந்த தேதி, "சவாலான சூழலில் என் திறமையை வளர்க்க" வகையறா குறிக்கோள், தெரியாத அஞ்சு மென்பொருள் பேர், எல்லாம் இடத்தை அடைக்கிற சாமான்.

இன்டர்ன்ஷிப் வரி பொதுவா இப்படி இருக்கும்: "குவாலிட்டி பிரிவில் ஆறு வாரம் பயிற்சி பெற்று பல்வேறு அளவைக் கருவிகளைப் பற்றி அறிந்துகொண்டேன்." இது ஒண்ணும் சொல்லல. இப்படி எழுதுங்க: "சிஎன்சி லேத்தில் வரும் 20 மி.மீ. ஷாஃப்டின் 50 பீஸ் விட்டத்தை 0.001 மைக்ரோமீட்டரில் அளந்தேன். சிபி 1.67, சிபிகே 1.00. சராசரி 0.02 தள்ளி இருப்பதைக் காட்டினேன். ஆஃப்செட் திருத்திய பின் அடுத்த 50 பீஸில் மறுபடி அளந்தேன்." நம்பர் உங்களோட நம்பரா இருக்கணும். மேல நான் போட்டதையே காப்பி அடிச்சா இன்டர்வியூ எடுக்கிறவர் ரெண்டாவது கேள்வியில கண்டுபிடிச்சிடுவார்.

கூடவே கேக்கிற அடிப்படை: 25எச்7 ஓட்டைக்கு எல்லை என்ன (25.000 லிருந்து 25.021), எம்8 சாதாரண பிட்ச் டேப்புக்கு எந்த டிரில் (6.8), 25 மி.மீ. விட்டத்துக்கு 100 மீட்டர்/நிமிஷம் கட்டிங் ஸ்பீடுன்னா எத்தனை ஆர்பிஎம் (சுமார் 1,270), ஃபர்ஸ்ட் ஆங்கிளுக்கும் தேர்ட் ஆங்கிளுக்கும் குறியீடு வரைஞ்சு காட்டு, கோ கேஜ் (கீழ் எல்லை அளவு) உள்ள போகல, நோ-கோவும் (மேல் எல்லை அளவு) போகலன்னா ஓட்டை சின்னதா பெருசா. கடைசி கேள்விக்குத் திணறுறவங்க நிறைய. சின்னது. திரும்ப போர் பண்ணிச் சரி பண்ணலாம். நோ-கோ உள்ள போயிடுச்சுன்னாதான் ஸ்கிராப்.

சாலிட்வொர்க்ஸ் விஷயம்: காலேஜ் லேப்ல லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஃபியூஷன்கிற இதே மாதிரி மென்பொருள் மாணவர்களுக்கு இலவசமாவே கிடைக்குது. நீங்க அளந்த அதே ஷாஃப்டை மாடல் போட்டு, டாலரன்ஸோட 2டி டிராயிங் எடுங்க. மாடல் எல்லாரும் போடுவாங்க. டேட்டம் (எங்கிருந்து அளக்கணும்கிற ஆதாரம்) எங்க வைக்கணும், எந்த அளவுக்கு இறுக்கமான டாலரன்ஸ் வேணும், எதுக்கு வேண்டாம்னு டிராயிங்ல காட்டுறவங்க கம்மி.

---

சம்பளச்_சீட்டு

அந்த 3.6-ஐ பிரிச்சுப் பார்ப்போம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இது ஒரு மாதிரிக் கணக்கு.

வருஷத்துக்கு 3,60,000. அதுல 10 சதம், அதாவது 36,000, "வேரியபிள்"னு வைங்க. வருஷக் கடைசியில வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். அதை மறந்துடுங்க. மீதி 3,24,000, மாசத்துக்கு 27,000. பேசிக் 15,000-ன்னா முதலாளி பங்கு பிஎஃப் 12 சதம் = 1,800, கிராச்சுட்டிக்கு 4.81 சதம் = சுமார் 720. ரெண்டும் சிடிசிக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆக மொத்தச் சம்பளம் சுமார் 24,480. அதுல உங்க பங்கு பிஎஃப் 1,800 போகும். கைக்கு ஏறக்குறைய 22,680. இன்ஷூரன்ஸ் பிரீமியம், கேன்டீன், பஸ் பிடிச்சா இன்னும் இறங்கும். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வேற. அதனால எச்ஆர்கிட்ட "சிடிசி எவ்வளவு"ன்னு கேக்காதீங்க. "மாசம் அக்கவுன்ட்ல எவ்வளவு ஏறும், வேரியபிள் இல்லாம"ன்னு கேளுங்க.

அடுத்தது ரோல். ஆஃபர் லெட்டர் யார் லெட்டர்ஹெட்ல இருக்குன்னு பாருங்க. பெரிய கம்பெனி பேரைச் சொல்லி இன்டர்வியூ நடத்தி, லெட்டர் ஒரு மேன்பவர் ஏஜென்சி பேர்ல வந்தா அது கான்ட்ராக்ட் ரோல். தப்பில்ல, ஆனா தெரிஞ்சு சேரணும். பெர்மனென்ட் ஆக்குவோம்னு வாய்ல சொன்னதுக்கு மதிப்பில்ல. லெட்டர்ல இருக்கிற நிறுவனத்தோட சிஐஎன் எண்ணை (எழுத்தும் எண்ணும் கலந்த 21 இடம் கொண்ட கம்பெனிப் பதிவு எண்) கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல போட்டுப் பாருங்க. பேரும் முகவரியும் ஒத்துப்போகணும், நிலைமை "ஆக்டிவ்"னு இருக்கணும்.

பாண்ட்: கையெழுத்துப் போட்டா சும்மா காகிதம்னு நினைக்காதீங்க. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல மூணு வருஷத்துக்குள்ள விலகினா 2 லட்சம் கட்டணும்கிற ஷரத்து செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதுக்காக எந்தத் தொகையும் செல்லும்னு இல்ல. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு. நீங்க பாக்க வேண்டியது: தொகை எவ்வளவு, மாசா மாசம் குறையுதா இல்ல கடைசி நாள் வரை முழுசா நிக்குதா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், கம்பெனியே வெளிய அனுப்பினாலும் நீங்க கட்டணுமா. கடைசி ஷரத்து இருந்தா நீக்கச் சொல்லிக் கேளுங்க.

ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீங்க. சரிபார்க்க எடுத்துட்டுப் போங்க, எதிர்ல உட்கார்ந்து காட்டுங்க, கையோட திருப்பி வாங்கிட்டு வாங்க. "எல்லாரும் கொடுத்துட்டாங்க"ன்னு சொல்வாங்க. கொடுத்துத்தான் ஆகணும்னா எந்தெந்தச் சான்றிதழ், எப்பத் திரும்பும்னு லெட்டர்ஹெட்ல ரசீது கேளுங்க. ரசீது தர மறுத்தா அதுவே பதில். டெபாசிட், லேப்டாப் கட்டணம், டிரெய்னிங் கட்டணம்னு சேர்றதுக்கு முன்னாடி பணம் கேட்டா நிறுத்திடுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) போன் பண்ணணும். லேட் ஆக ஆக பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவிடும்.

---

ரிக்_ஷெட்

கேட் பத்தி யாரும் சொல்லல. மூணாம் வருஷத்துலயே எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். 100 மார்க்ல ஜெனரல் ஆப்டிட்யூட் 15, மேத்ஸ் 13. ஆப்டிட்யூட் ஐடி கம்பெனி டெஸ்டுக்கும் அப்படியே உதவும், அதனால வீட்ல சொல்றதும் நீங்க நினைக்கிறதும் அந்த 15 மார்க்ல ஒண்ணாச் சேருது. தினம் ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்கினா ரெண்டு வழியும் திறந்தே இருக்கும். முழு கேட் பிரிபரேஷனை ஆறு வார இன்டர்ன்ஷிப்போட சேர்த்து இழுக்காதீங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம்தான் வரும்.

---

திருச்செங்கோடு_மெக்

30 பேர் பட்டியல் போட்டாச்சு, 11 கோயம்புத்தூர், 15 ஓசூர், 4 உள்ளூர் ரிக் ஷெட். மெசேஜை இப்படி மாத்தியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

"வணக்கம் சார். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எந்தப் பிரிவாக இருந்தாலும் பயிற்சி பெற ஆர்வமாக உள்ளேன். ஜூன் 1 முதல் ஆறு வாரம். வெர்னியர், மைக்ரோமீட்டர் பயன்படுத்தத் தெரியும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

---

கேஜ்_ரூம்

"எந்தப் பிரிவாக இருந்தாலும்"கிறதை எடுங்க. அதைப் படிக்கிறவர் உங்களை எங்க உட்கார வைக்கிறதுன்னு அவரே யோசிக்கணும், யோசிக்க மாட்டார். "மதிப்புமிக்க"வும் வேண்டாம். குவாலிட்டின்னு எழுதி, ரிப்போர்ட் தருவேன்கிற வரியைத் திரும்பச் சேருங்க, காப்பீட்டு வரியையும்தான். ரிக் ஷெட் நாலு பேருக்கு மெசேஜே வேண்டாம், சாயங்காலம் நேர்ல போங்க. போர் கேஜ் தெரியாதுன்னு விட்டுட்டீங்க போல, நல்லது, தெரியாததை எழுதக் கூடாது. ஆனா லேப்ல இருக்கும், அரை மணி நேரத்துல கத்துக்கலாம். செட்டிங் ரிங்ல ஜீரோ வெச்சு, உள்ள ஆட்டி, முள் திரும்புற இடத்துல படிக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் நீங்க இணைச்சிருக்கிற பிடிஎஃப்போட பேர் "ரெஸ்யூமே ஃபைனல் நியூ 3"னு இருக்கு. உங்க பேரும் "மெக்கானிக்கல் குவாலிட்டி"யும் வர்ற மாதிரி மாத்திட்டு அனுப்புங்க.